திருவனந்தபுரத்தில் ஆரம்பநிலை இடையீடு

குழந்தையின் வளர்ச்சியில் தாமதமோ குறைபாடோ தெரிந்தால், பள்ளி வயதுவரை காத்திராமல் உடனே பயிற்சி தொடங்குவதே ஆரம்பநிலை இடையீடு. திருவனந்தபுரத்தில் இது மருத்துவமனையில் தொடங்கி, படிப்படியாக ஆசிரியைகளின் பொறுப்புக்கும் வந்தது.

1987இல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் உருவானது. குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயர் அதை முன்னின்று அமைத்தார். குறைப்பிரசவத்தில் பிறந்த சிசுக்களை மருத்துவர்கள் தொடர்ந்து கவனிக்க முடிந்தது. மருத்துவமனைப் பக்கம் வராத குழந்தைகளை எப்படிக் கண்டறிவது என்பதே அடுத்த கேள்வி. அதற்கு விடையாக 1991இல் வெளியானது திருவனந்தபுரம் வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை. பிறப்பு முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கான இதில் 17 செயல்கள் மட்டுமே உண்டு: முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, தனியே நடப்பது, இரண்டு சொற்கள் பேசுவது போன்றவை. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு கோடு போட்டால், அதற்குள் வந்திருக்க வேண்டிய எந்தச் செயல் இன்னும் வரவில்லை என்பது தெரிந்துவிடும். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையை, சிறிய பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளரே செய்யலாம். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு வந்த அங்கன்வாடிகள் அதற்குள் பல ஊர்களில் வேரூன்றியிருந்தன.

காது கேளாத குழந்தைகளுக்காக 1997இல் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இந்நகரில் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளில் கேட்காத மொழியைப் பிறகு ஈடுகட்டுவது கடினம். அதனால் அங்கே மழலையர் வகுப்பில் பெற்றோரும் உடன் அமர்ந்து கற்கிறார்கள். வகுப்பில் பழகியதை வீட்டில் தொடர்வது அவர்கள் பொறுப்பு. 2004இல் கேரள அரசின் வறுமை ஒழிப்பு இயக்கமான குடும்பஸ்ரீயின் முதல் பட்ஸ் சிறப்புப் பள்ளி இம்மாவட்டத்தின் வெங்ஙானூரில் திறக்கப்பட்டது. அறிவுசார் குறைபாடுள்ள ஏழைக் குழந்தைகளுக்குச் சொந்த ஊராட்சியிலேயே வகுப்பு கிடைத்தது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், அங்கன்வாடியில் கண்டறியப்படும் குழந்தையை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப நாடு முழுவதும் வழி வகுத்தது.

ஒரே வயதுக் குழந்தைகள் பலரை அன்றாடம் பார்ப்பவர் என்பதால், மருத்துவர் கண்ணில் படுமுன்பே ஆசிரியைக்கு வேறுபாடு தெரிகிறது. ஆனால் அங்கன்வாடி ஆசிரியை இன்றும் மதிப்பூதியம் பெறும் பணியாளர்தான். பயிற்சியும், வேலைக்கேற்ற ஊதியமும், அவர் சொல்வதைக் கேட்டுச் செயல்படும் மையமும் அருகில் இருந்தால்தான் அட்டவணை பயன் தரும். இவற்றை உறுதிசெய்வது அரசின் கடமை.