தேலிசும் பிரமிட்டின் நிழலும்

முக்கோணியொன்றின் ஒரு பக்கத்துக்குச் சமாந்தரமாக வரையப்படும் கோடு ஏனைய இரு பக்கங்களையும் விகிதசமமாகப் பிரிக்கும். இத்தேற்றத்தை ஐரோப்பியப் பாடநூல்கள் பல தேலிசின் பெயரால் வழங்குகின்றன. அவ்வுரிமைக்குச் சான்று யாது?

கி.மு. 6ஆம் நூற்றாண்டினரான தேலிசு எழுதியதெதுவும் எஞ்சவில்லை. அவர் பிரமிட்டின் உயரத்தை நிழலால் அளந்த கதை இரு வடிவிற் கிடைக்கின்றது. மனிதனின் நிழல் அவனுயரத்துக்குச் சமமாகும் வேளையில் பிரமிட்டின் நிழலை அளந்தார் என்பர் டயோஜினிசு லயேர்த்தியசு. கோலொன்றை நாட்டி, இரு நிழல்களின் விகிதத்தைக் கொண்டு கணித்தார் என்பர் புளூட்டாக். முன்னதற்குச் சமன்மையே போதும். பின்னதற்கே விகிதசமம் வேண்டும். ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிய புளூட்டாக் தம் காலக் கேத்திரகணிதத்தைத் தேலிசின்மேல் ஏற்றிவிட்டார் என்றே கருதத் தோன்றுகின்றது.

விகிதத்தை எகிப்தியர் முன்னரே கையாண்டனர். கி.மு. 1550 அளவில் அகமெசு படியெடுத்த ரைண்டு பப்பிரசுச் சுவடியின் 56ஆம் கணக்கு, அடிப்பக்கம் 360 முழமும் உயரம் 250 முழமுமான பிரமிட்டின் சாய்வை வினவுகின்றது. அடியின் பாதியாகிய 180ஐ 250ஆல் வகுத்து, முழத்துக்கு 7 உள்ளங்கை வீதம் பெருக்க, 5 1/25 உள்ளங்கை விடையாகின்றது. நிறுவல் மட்டும் அங்கில்லை.

நிறுவலை யூக்கிளிட்டின் 6ஆம் நூலின் 2ஆம் தேற்றத்தில் (கி.மு. 300 அளவில்) காண்கிறோம். பக்கங்களைச் சமகூறுகளாக்கி எண்ணும் எளிய வழி, பொது அளவற்ற நீளங்களுக்குப் பொருந்தாது. எனவே அவர் சமாந்தரங்களிடையே ஒரே அடியில் அமைந்த இரு முக்கோணிகளின் பரப்புச் சமத்துவத்தைத் துணைக்கொண்டார். அதற்கு ஆதாரமான 5ஆம் நூலின் விகிதக்கொள்கை இயூடொட்சசுக்கு உரியதெனப் பழைய உரைக்குறிப்பொன்று கூறும்.