ஏர்வாடி: சங்கிலி யாருடைய பாதுகாப்புக்கு?

பகிடி விடும்போது எங்களுக்குள் அடிக்கடி வந்துவிழும் ஒரு வசனம்: “உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்போணும்.” ஒரு வைத்தியசாலை இருக்கும் ஊரின் பெயரையே நாங்கள் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த வசனத்தில் இருக்கும் வினைச்சொல்லைக் கவனியுங்கள்: அனுப்புவது. அனுப்பிய பிறகு அந்த ஆளுக்கு என்ன நடக்கிறது என்று நாங்கள் கேட்பது குறைவு. கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மன்னார் வளைகுடாவின் அக்கரையில் ஒரு வரலாறு இருக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்குப் பக்கத்தில் உள்ள ஊர் ஏர்வாடி. அங்குள்ள தர்காவுக்குப் போனால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கை நீண்ட காலமாக உண்டு. முஸ்லிம்கள் மட்டுமில்லை, மற்ற மதத்தவரும் போவார்கள். தர்காத் தண்ணீரும் விளக்கில் எரியும் எண்ணெயும்தான் அங்கே மருந்து. ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று கனவில் உத்தரவு கிடைக்கும்வரை தங்க வேண்டும். அதற்கு மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம்.

அவ்வளவு காலம் வேலைவெட்டியை விட்டுவிட்டுக் கூடவே இருக்க எந்தக் குடும்பத்தால் ஏலும்? அந்த இடைவெளியில்தான் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. குடும்பம் காசைக் கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பும். பராமரிக்க ஆட்கள் போதாத இடத்தில் அந்த வேலையைச் சங்கிலி செய்தது. நோயாளி ஓடிவிடக் கூடாது, யாரையும் அடித்துவிடக் கூடாது, ‘எல்லாருடைய பாதுகாப்புக்கும்தான்’ என்பது அதற்குச் சொன்ன நியாயம்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அப்படியான ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. பாதுகாப்புக்கு என்று போட்ட சங்கிலிதான் அவர்களைத் தீக்குள் பிடித்து வைத்திருந்தது.

இதை ‘மூடநம்பிக்கையின் விளைவு’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எங்களுக்கு அது போதுமானதாகப் படவில்லை. இந்தியாவில் அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. 1912ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தை நீக்கி 1987இல் மனநலச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். மனநோயாளரை வைத்துப் பராமரிக்கும் தனியார் இடங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று அதிலேயே இருந்தது. ஆனாலும் ஏர்வாடியில் காப்பகங்கள் பகிரங்கமாக நடந்தன. சட்டம் இருந்தது, போய்ப் பார்க்க ஆள் இருக்கவில்லை. பக்கத்திலேயே சிகிச்சை கிடைத்திருந்தால் அந்தக் குடும்பங்களில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போயிருப்பார்கள்?

தீ நடந்து ஒரு வாரத்திற்குள் அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடி, 500க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு அரச மனநல வைத்தியசாலையாவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பிற்பாடு வந்த ‘தவா-துவா’ திட்டம் வேறு மாதிரியானது. முதலில் குஜராத்தின் ஒரு தர்காவில் தொடங்கி, பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லவில்லை. தர்காவுக்குப் பக்கத்திலேயே வைத்தியரை இருத்தி, மருந்தும் கொடுத்தார்கள். நம்பிக்கையோடு சண்டை பிடிக்காமல் சிகிச்சையை அங்கேயே கொண்டுபோன வழி அது.

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. அதைவிட முக்கியமாக எங்களுக்குப் படுவது இன்னொரு விதி: ஆளணி குறைவு என்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவரைக் கட்டிவைக்கக் கூடாது. தண்டனையாகவும் செய்யக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது கட்டினாலும், காரணத்தையும் முறையையும் எழுதிவைக்க வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். ஏர்வாடியில் சங்கிலி எதற்காக இருந்ததோ, அந்தக் காரணத்தையே இந்த விதி தொடுகிறது.

இனி எங்கள் பக்கம். இலங்கையின் மனநோய்க் கட்டளைச்சட்டத்தின் வேர் 1873இல் இருக்கிறது. கடைசியாகத் திருத்தியது 1956இல். புதிய சட்டமூலம் பற்றிப் பல வருடமாகக் கதைக்கிறார்கள். அதற்காக நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம் என்று சொல்வதும் நியாயமில்லை. 2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது. இன்று தெல்லிப்பழை மாதிரியான இடங்களில் பொது வைத்தியசாலைக்குள்ளேயே மனநல விடுதி இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் சிகிச்சை இருப்பதும் பாதுகாப்புத்தான்.

ஆனால் விடுதி பக்கத்தில் வந்துவிட்டதால் மட்டும் கேள்வி முடிந்துவிடாது. போன மாதம் இங்கே எத்தனை பேர் கட்டப்பட்டார்கள்? எவ்வளவு நேரம்? ஏன்? யார் எழுதிவைத்தார்? வீட்டுக்காரருக்குச் சொன்னார்களா? எங்கள் சொந்தக்காரர் சத்திரசிகிச்சைக்குப் போனால் வைத்தியரை விடாமல் ஆயிரம் கேள்வி கேட்கிறோம்தானே. மனநல விடுதியில் படுத்திருப்பவருக்காகவும் அதே கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்கப் பழகுவோம். அதற்கு முதல், அந்த அங்கொடைப் பகிடியை விட்டுவிடுவோம்.