சிறுபான்மைப் பள்ளிகளில் பிற சமயத்தார் சேர்க்கை

சமயச் சிறுபான்மையினர் நிறுவி நடத்தும் பள்ளிகளில் அச்சமயம் சாராத குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான நடைமுறையும் சட்டநிலையும் இத்தலைப்பில் அடங்கும். சென்னையை அடுத்த பாரிவாக்கம், பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தில் கிறித்தவப் பள்ளியை நாடும் இந்துக் குடும்பங்கள் புதியன அல்ல; 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் சைவப் பிள்ளைகளே நிறைந்திருந்ததால்தான், அத்தகைய பள்ளியொன்றில் பயின்று ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர், 1848இல் அங்குள்ள வண்ணார்பண்ணையில் தனிச் சைவப் பள்ளியைத் தொடங்கினார்.

இந்திய அரசியலமைப்பின் 30(1) பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. 29(2) பிரிவோ, அரசு நிதியுதவி பெறும் நிறுவனம் சமயம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எவருக்கும் இடம் மறுப்பதைத் தடுக்கிறது. இவ்விரண்டையும் இணக்கப்படுத்த, புனித ஸ்டீபன் கல்லூரி வழக்கில் (1992) உச்ச நீதிமன்றம், நிதியுதவி பெறும் சிறுபான்மை நிறுவனங்கள் தம் சமூகத்தாருக்கு 50 விழுக்காடு வரை ஒதுக்கலாம் என்றது; டி.எம்.ஏ. பாய் வழக்கில் (2002) பதினொரு நீதிபதிகள் அமர்வு அந்த வரம்பைத் தளர்த்தி, அளவை நிறுவனத்தின் வகைக்கும் வட்டாரத் தேவைக்கும் ஏற்ப அரசு முடிவு செய்யலாம் என்றது.

பெற்றோர் பெரிதும் குழம்புவது கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 25 விழுக்காட்டு இடங்களைப் பற்றியே. நலிந்த பிரிவினருக்கான அந்த ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பிற சமயத்தாரைச் சேர்க்கக் கூடாது என்பது அதன் பொருளன்று. சேர்ந்த பிள்ளையைப் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்த 28(3) பிரிவு இடந்தராது. கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் மறைக்கல்விப் பாடவேளையில் மற்றப் பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்கு மாறிச் செல்கின்றனர்.