நீலத் தாளும் இளஞ்சிவப்புத் தாளும்: தொழில் ஆர்வச் சோதனைகளில் ஒப்பீட்டுக் குழு

தொழில் ஆர்வச் சோதனை எழுதும் மாணவி தன் விருப்பங்கள் அளக்கப்படுவதாகவே எண்ணுவாள். அங்கே நடப்பது ஒப்பீடு. அவளை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. இச்சோதனைகளின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்தக் கேள்விதான்.

தொடக்கத்தில் சோதனை என்று ஒன்று இல்லை. 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் தொழில் ஆலோசனை நிலையம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், வேலை தேடும் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசினார். தன்னை அறி, தொழில்களை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் முறை. அதே ஆண்டில் அவர் மறைந்தார். அவரது நூல் 1909இல் வெளிவந்தது. தன்னை அறிவது எப்படி என்ற இடத்தில் அவரிடம் இருந்தவை நீண்ட வினாக்களும் தம் கூர்நோக்கும் மட்டுமே.

அந்த இடத்தை எண்ணால் நிரப்பியவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் எட்வர்டு ஸ்ட்ராங். 1927இல் வெளியான அவரது படிவத்தில் பல நூறு வினாக்கள். விருப்பம், விருப்பமின்மை, இரண்டுமில்லை என்று குறித்தால் போதும். ஒரு தொழிலில் நிலைத்தவர்களின் விடை பொதுவான ஆண்களின் விடையிலிருந்து எங்கே விலகுகிறதோ, அங்கே மட்டும் மதிப்பெண். அந்த விலகலுக்கான காரணத்தை விளக்க வேண்டிய தேவை இம்முறையில் இல்லை. முறை வலுவானது: ஸ்டான்ஃபோர்டு மாணவர்களை 18 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அணுகி, ஆர்வங்கள் பெரிதும் மாறாமல் நிற்பதை 1955இல் அவர் நூலாகவே காட்டினார்.

ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களே அளவுகோல் என்றால், உள்ளே விடப்படாதவர்களின் கதி என்ன? 1933இல் பெண்களுக்குத் தனிப் படிவம் வந்தது. ஆண்களுக்கு நீலத் தாள், பெண்களுக்கு இளஞ்சிவப்புத் தாள். பெண்கள் பட்டியலில் இல்லத்தரசியும் சுருக்கெழுத்தரும் இருந்தனர். 1972இல் அமெரிக்க ஆற்றுப்படுத்துநர் சங்கம் இதைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியபோது ஒரு பெண்ணின் இரு விடைத்தாள்களைச் சான்றாகக் காட்டியது. பெண்கள் படிவம் அவரைப் பல் மருத்துவ உதவியாளர், இயன்முறைச் சிகிச்சையாளர் என்றது. ஆண்கள் படிவமோ மருத்துவர், மனநல மருத்துவர், உளவியலாளர் என்றது. ஆள் ஒருவரே, மாறியது தாள்தான். இந்த ஒரு சான்றுக்கு இணையாக எந்தப் புள்ளிவிவர அட்டவணையையும் என்னால் வைக்க முடியவில்லை.

1974இல் உளவியலாளர் டேவிட் கேம்பெல் இரு படிவங்களையும் ஒன்றாக்கினார். தொழில்வாரி அளவுகோல்கள் மட்டும் அதன் பின்னும் ஆண், பெண் எனத் தனித்தனியாகவே நீடித்தன. அவர் அதில் சேர்த்துக்கொண்டது உளவியலாளர் ஜான் ஹாலண்டின் ஆறு ஆளுமை வகைகளை. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை நேர்காணல் செய்து தரம்பிரித்த அனுபவம் ஹாலண்டுக்கு இருந்தது. 1959இல் தம் கோட்பாட்டை வெளியிட்டார். செய்திறன், ஆய்வு, கலை, சமூகம், முனைவு, ஒழுங்கு என்பவை அந்த வகைகள். தாமே எழுதித் தாமே மதிப்பெண் கூட்டிக்கொள்ளும் சோதனையையும் அவர் தந்தார். ஒப்பீட்டுக் குழு எதுவுமின்றி, நேரடி மதிப்பெண்ணே விடை.

சிக்கல் தீர்ந்ததா? நேரடி மதிப்பெண்ணில் பெண்கள் சமூகம், கலை, ஒழுங்கு ஆகிய வகைகளிலேயே குவிந்தனர். எந்திரத்தைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பே பெறாத சிறுமி, எந்திரம் பிடிக்கும் என்று எப்படிக் குறிப்பாள்? ஒப்பீட்டுக் குழுவை நீக்கினாலும் வளர்ப்பு அவளோடு தேர்வறைக்குள் வந்துவிடுகிறது. இதனால்தான் 1970களில் தேர்வுகள் நடத்தும் ஏசிடி நிறுவன ஆய்வாளர்கள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வினாக்களையே மாற்றினர்: ஒவ்வொரு வகையிலும் இருபாலரும் ஏறத்தாழ ஒரே அளவில் விரும்பும் செயல்களை மட்டுமே தேர்ந்தெடுத்துப் படிவம் அமைத்தனர்.