டம்ளர் வட்டமும் அவலரக்கும்

சென்னையில் சுவருக்கு மெருகேற்றுவது வெகுகாலம் சுண்ணாம்புக் கொத்தனாரின் வேலையாகத்தான் இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் தயிரும் சேர்த்து அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்த சுவர்களைப் பளிங்கோடு ஒப்பிட்டு எழுதிய வெள்ளைக்காரர்கள் உண்டு. மரம் சுவராக நின்றது கொஞ்ச இடங்களில்தான். மயிலாப்பூர் வக்கீல் வீட்டில் ஆபீஸ் அறையைக் கூடத்திலிருந்து பிரித்த தேக்குத் தடுப்பு, மாடிப்படி ஓரம் இடுப்பளவுக்கு அடித்த பலகை, ஒரு சுவரையே மறைத்துக்கொண்டு நின்ற கண்ணாடிக் கதவு அலமாரி (1891இல் மயிலாப்பூர் வக்கீல்கள் தொடங்கிய ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ தொகுதிகளுக்கும் ஓர் இடம் வேண்டுமே). இந்த மரங்களைப் பார்க்கிறவர்கள், ‘அந்தக் காலத்துப் பாலிஷ், எவ்வளவு கெட்டி பாருங்கள்’ என்பார்கள். உண்மையில் அந்தப் பாலிஷ் கெட்டியே கிடையாது. சூடான காபி டம்ளரைக்கூடத் தாங்காது. அது இத்தனை காலம் நின்றதற்குக் காரணமே அந்தப் பலவீனம்தான் என்பது என் கட்சி.

பூச்சின் சரக்கு அவலரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கொம்புகளில் அரக்குப் பூச்சி சுரந்து வைக்கும் பிசினைச் சுரண்டி எடுத்தால் கொம்பரக்கு. அதைக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவலரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் விளைந்து, கல்கத்தாவில் கப்பலேறி உலகமெல்லாம் போன சரக்கு இது. பழைய கிராமபோன் இசைத்தட்டு சுழன்றதும் இதே அரக்கில்தான். இதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டணத்தால் மரத்தில் தேய்த்து ஏற்றும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவியது. இந்தியக் காட்டுச் சரக்கு அப்படித்தான் ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்ற பெயர் சூட்டிக்கொண்டு ஊர் திரும்பியது. அரக்கு மாளிகைக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட ஊர் அந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டதுதான் வேடிக்கை.

வேலை நடக்கும் விதத்தில் ரகசியம் இருக்கிறது. சுண்ணாம்புத்தூளில் காவி கலந்து மரத்தின் ரேகைக் குழிகளை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் துடைத்த பிறகு, பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய பொட்டணத்தை அரக்கில் நனைத்து வட்ட வட்டமாக ஓட்டுவார்கள். கை ஓர் இடத்தில் நின்றுவிட்டால் பொட்டணம் ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். அரக்கு காய்வது என்றால் ஸ்பிரிட் பறந்துபோவது, அவ்வளவுதான். வருஷங்கள் கழித்து மறுபடி ஸ்பிரிட் பட்டாலும் இளகிக்கொடுக்கும். அதனால் புதிதாகப் பூசுவது பழைய பூச்சின் மேல் தனி ஏடாக உட்காராமல், அதோடு கரைந்து ஒன்றாகிவிடும். டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டமா? ஸ்பிரிட் தொட்ட துணியால் நாலு தடவை லேசாக ஓட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும். மரத்தைச் சுரண்ட வேண்டியதே இல்லை.

சுரண்ட வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. 1885–86இல் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்த தேக்கு சென்னை வீடுகளுக்கு உத்தரமும் நிலையும் கதவுமாயிற்று. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பியபோதும் வசதி உள்ளவர் கேட்ட மரம் பர்மா தேக்கு. 1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த வரத்து அறுந்தது. பிறகு பலார்ஷா தேக்கு, நிலம்பூர் தேக்கு என்று ஊர் சமாளித்தது. இருக்கிற பர்மா பலகையை ஒவ்வொரு முறையும் இழைத்துப் புதுப்பித்திருந்தால் அது தேய்ந்து போயிருக்கும். இழைக்காமல் புதுப்பிக்க விட்டது அரக்கு.

அப்படியானால் அது ஏன் மறைந்தது? ‘மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) என்ற புதுப் பூச்சுகள் மேலானவை, அதனால் வென்றன’ என்பது வழக்கமான பதில். ஒரு சட்டத்தின் பெயரை அதற்கு எதிரே வைக்கிறேன்: ‘தமிழ்நாடு இயல்பு மாற்றிய ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் (பிரெஞ்சு பாலிஷ்) விதிகள், 1959’. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இவை. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியதும், குடிக்க வழியில்லாதவர்கள் தச்சரின் பாட்டிலைத் தேடிப் போனார்கள், உயிர்களும் போயின. அரசு தலையிட்டது சரிதான். ஆனால் கதவுக்குப் பூசுகிற பொருள், கலால்காரர்கள் கணக்குக் கேட்கிற பொருளாகிவிட்டது. மதுவிலக்கு 1971இல் தளர்ந்து 1974இல் திரும்பியது. உரிமம் வைத்திருந்த பெரிய கடைக்காரர் தாக்குப்பிடித்திருப்பார். பையில் பாட்டிலோடு தெருத்தெருவாகப் போன பாலிஷ்காரருக்குத் தொழில் சங்கடமாகியிருக்கும் என்பது என் ஊகம். பூச்சின் தரத்துக்கும் இந்தச் சங்கடத்துக்கும் சம்பந்தமில்லை.

சென்னை வானிலைக்கு அரக்கு ஒத்துவராது என்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் ஸ்பிரிட் பறக்கும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து, பலகை வெள்ளை பூத்துவிடும். வெயிலும் சாரலும் அடிக்கிற வாசல் கதவுக்கும், தண்ணீர் தெறிக்கிற சமையலறை அலமாரிக்கும் அதைப் பூசச் சொல்ல மாட்டேன், அங்கே பி.யு. போடுவதுதான் புத்தி. உள்கூடத்துத் தடுப்புக்கு அந்த ஆபத்தெல்லாம் இல்லை. பங்குனி, சித்திரையில் வேலை வைத்துக்கொண்டால் போதும்.

கூலிதான் கனமான ஆட்சேபம். பொட்டணம் பல நாள் கேட்கும்; ஸ்பிரே துப்பாக்கி ஒரு நாளில் முடித்துவிடும். சாவி கொடுக்கும் தேதி எழுதிக் கையெழுத்தான அடுக்குமாடியில் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு நாள் கணக்கில் அடுத்த தடவை சேர்ந்திருக்காது. மெலமைன் இரண்டு திரவம் கலந்து வேதிமாற்றத்தால் இறுகுவது. இறுகியபின் ஸ்பிரிட்டுக்கு மசியாது. கீறினாலோ உரிந்தாலோ, அந்த இடத்தை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டவைப்பது கடினம்; பலகை முழுவதும் உப்புத்தாள் ஓட வேண்டும். மேலே அரை மில்லிமீட்டர்கூடத் தேறாத வெனீர் ஒட்டிய பிளைவுட் என்றால், இரண்டாவது தடவை தேய்க்க மரமே மிஞ்சாது.

மந்தைவெளியிலோ அடையாரிலோ பழைய வீட்டை வாங்கியவர், மங்கிப்போன தடுப்பை என்ன செய்வது என்று யோசித்தால், உப்புத்தாளை எடுப்பதற்கு முன் கீலுக்குப் பின்னால், யாரும் பார்க்காத மூலையில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிஷம் அழுத்திப் பார்க்கலாம். பிசுபிசுவென்று ஒட்டி, பஞ்சில் தேன் நிறம் ஏறினால் அது பெரும்பாலும் அரக்கு.