நிலாவரைக் கிணறும் ரேயின் குளமும்

எங்கட கூட்டத்திலேயே வயதில் குறைந்த தம்பி ஒருவர் குறும்படத்துக்கென்று ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தார். நவக்கிரி நிலாவரைக் கிணற்றுக்குள் ஓர் இரவு ஏதோ விழுகிறது. விடிய எழும்பிப் பார்த்தால் கிணற்றைச் சுற்றிக் காய்ஞ்சு கிடந்த தோட்டமெல்லாம் பச்சையாக நிற்கிறது. உள்ளுக்குள் இருப்பது யார் என்று ஆடு மேய்க்கிற ஒரு பெடியனுக்கு மட்டும்தான் தெரியும். வாசித்து முடித்ததும் நாங்கள் சொன்னது ஒரே வசனம்: "தம்பி, இது ஈ.டி. கொப்பியெல்லோ?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன்ர கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு மூன்று கூட்டத்துக்கு வரவில்லை.

நாங்கள் சொன்னது சரிதானா என்று பார்க்கத்தான் தேடத் தொடங்கினோம். தேடப் போனால் ஈ.டி.யின் கதை கல்கத்தாவுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு வந்து, கடைசியில் கதிர்காமத்துக்கே போய் நிற்கிறது.

முதலில் ஒரு விஷயம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குப் படங்கள் ஒழுங்கான வரிசையில் வந்து சேர்ந்ததில்லை. அம்மா அப்பாவின் காலத்தில் கரண்ட் இல்லை; ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, டெக்கில் எந்தக் கசற் கிடைத்ததோ அதைத்தான் பார்த்தார்கள். எங்கட காலத்தில் சீடிக்கடை. பாதிப் பேர் முதலில் பார்த்தது 2003இல் வந்த ஹிந்திப் படம் 'கோயி மில் கயா'. வெயிலில் பலம் பெறுகிற நீல நிறப் பிராணி ஜாதூ வருமே, அதுதான். அதற்குப் பிறகுதான் ஈ.டி.யைப் பார்த்து, "ஓ, அங்க இருந்துதானா எடுத்தவங்கள்" என்று கண்டுபிடித்தோம். அந்த ஈ.டி.க்கும் முன்னால் ஒரு கதை இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. மூலம் எங்களுக்கு எப்பவும் கடைசியாகத்தான் வந்து சேரும்.

அந்த முதல் கதை சத்யஜித் ரேயுடையது. 1962இல், தன் தாத்தா தொடங்கிய 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழில் 'பங்குபாபுவின் நண்பன்' என்ற சிறுகதையை எழுதினார். எல்லாரும் பகிடி பண்ணுகிற ஒரு கிராமத்து வாத்தியார். காட்டுக்குள் இறங்கிய விண்கலத்திலிருந்து வந்த ஆங் என்கிற பிராணியை அவர் சந்திக்கிறார். அது அவரை ஒன்றும் செய்வதில்லை. உனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டுவிட்டுப் போகிறது. வேற்றுக்கிரகத்தார் என்றால் படையெடுத்து வருபவர்கள் என்றே பெரும்பாலான கதைகள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

1966இல் ரே லண்டனில் ஆர்தர் சி. கிளார்க்கைச் சந்திக்கிறார். கிளார்க் 1956இலேயே இலங்கைக்குக் குடிவந்துவிட்டவர். அந்த நேரம் ஸ்டான்லி குப்ரிக்கோடு '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். (அந்தப் படத்தின் விதையும் ஒரு சிறுகதைதான்: கிளார்க்கே எழுதிய 'தி சென்டினல்'.) வேற்றுக்கிரகவாசி பற்றி ஒரு படம் எடுக்க யோசிக்கிறேன் என்று ரே சொல்ல, கிளார்க் அதை இலங்கையில் இருந்த தன் கூட்டாளியிடம் சொல்கிறார். அவர் பெயர் மைக் வில்சன்.

வில்சனைப் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். கிளார்க்கோடு சேர்ந்து கடலுக்கடியில் நீந்தித் திரிந்த ஆங்கிலேயர். திருகோணமலை சுவாமி மலைக்குக் கீழே, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டு படம் பிடித்தவர்களில் ஒருவர். 1962இல் 'ரன் முத்து தூவ' என்ற முதலாவது சிங்கள வர்ணப் படத்தை எடுத்தவரும் அவர்தான். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. ரேயைத் தேடிக் கல்கத்தாவுக்குப் போய், நானே தயாரிப்பாளர், நீங்கள் எழுதுங்கள் என்று நிற்கிறார். 1967இன் தொடக்கத்தில் ரே திரைக்கதையை எழுதி முடிக்கிறார். பெயர் 'தி ஏலியன்'.

வங்காளக் கிராமம் ஒன்றின் குளத்துக்குள் விண்கலம் விழுகிறது. நீருக்கு மேலே தெரிகிற அதன் நுனியைப் பார்த்து, உள்ளே கோவில் இருக்கிறது என்று சனம் நினைக்கிறது. அங்கே ஓர் அமெரிக்கன் குழாய்க்கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறான். ஒரு மார்வாடி முதலாளி அந்தக் 'கோவிலை' வைத்துப் பேர் எடுக்கப் பார்க்கிறார். உள்ளே இருக்கிற சின்னப் பிராணி பயிரையும் மரத்தையும் பருவம் இல்லாத பருவத்தில் காய்க்க வைக்கிறது. அது கூட்டாளி சேர்வது ஹாபா என்கிற ஏழைச் சிறுவனோடு.

இதை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் வெக்கமாக இருந்தது. தம்பியின் கதை ஈ.டி. மாதிரி இல்லை, அச்சொட்டாக 'தி ஏலியன்' மாதிரித்தான் இருக்கிறது. குளத்துக்குப் பதில் கிணறு, அவ்வளவுதான். படமாகவே வராத ஒன்றை அவர் பார்த்திருக்க வழியே இல்லை.

ஏன் படமாக வரவில்லை? முதலாளி வேடத்துக்கு பீட்டர் செல்லர்ஸ் முதலில் ஓம் என்றார். ஹொலிவூட்டில் கொலம்பியா நிறுவனம் காசு போட ஆயத்தம். 1967 ஜூனில் ரே அங்கே போய் இறங்குகிறார். போனால், தன் திரைக்கதையின் சைக்ளோஸ்டைல் பிரதிகள் ஏற்கனவே கை மாறிக்கொண்டிருக்கின்றன. முதல் பக்கத்தில் பதிப்புரிமை மைக் வில்சனுக்கும் சத்யஜித் ரேக்கும் என்று இருக்கிறது. வில்சன் எழுதியது ஒரு வரியும் இல்லை. இதெல்லாம் உங்கட பாதுகாப்புக்குத்தான் என்ற மாதிரி அவர் விளக்கம் சொன்னாராம். ரேக்குச் சேர வேண்டிய முற்பணம் 10,000 டொலர் வில்சனின் கைக்குப் போயிருந்ததும் பிறகு தெரிய வருகிறது. செல்லர்ஸ் விலகினார். வில்சன் விலகினால் படம் எடுக்கலாம் என்றது கொலம்பியா. வில்சன் விலகவில்லை.

கடைசியில் அவர் விலகிய விதம்தான் எங்களைச் சிரிக்க வைத்தது. தலையை மழித்துத் துறவியாகி, ரேக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ரேயை இராவணன் என்று விளித்து, திரைக்கதையைச் சீதை ஆக்கி, வைத்துக்கொள் என்று எழுதியிருந்தாராம். எழுதினவன் இராவணன், பறித்தவர் இராமன்! இலங்கையில் இருந்துகொண்டு இராமாயணத்தை இப்படித் திருப்பிப் போட ஒரு தனித் துணிச்சல் வேண்டும். பிறகு அவர் சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு கதிர்காமக் கந்தனின் அடியவராக வாழ்ந்தார்.

இவ்வளவையும் ரே கட்டுரையாக எழுதி வெளியிட்டது 1980 ஒக்டோபரில், 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில். திகதி முக்கியம். ஈ.டி. வந்தது 1982இல். ஆக, ஈ.டி.யின் வெற்றியைப் பார்த்துவிட்டுக் கட்டின கதை இது இல்லை.

ஈ.டி. வந்ததும் ஒற்றுமையைக் கவனித்து ரேயை அழைத்துச் சொன்னவர்களில் கிளார்க்கும் ஒருவர். ஸ்பீல்பேர்க்குக்கு எழுதச் சொல்லியும் தூண்டினார். ரே வழக்குக்குப் போகவில்லை. தன் திரைக்கதையின் பிரதிகள் அமெரிக்கா முழுக்கச் சுற்றியிராவிட்டால் ஈ.டி. வந்திராது என்று மட்டும் சொன்னார். ஸ்பீல்பேர்க் மறுத்தார். அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும்: பெற்றோர் பிரிந்த பிறகு தான் கற்பனை செய்துகொண்ட தோழனிடமிருந்து ஈ.டி. பிறந்தது என்று அவர் சொல்லி வந்திருக்கிறார். அந்தப் படத்தின் உயிர் உண்மையில் அந்தத் தகப்பன் இல்லாத வீட்டில்தான் இருக்கிறது. ரேயிடம் அந்த வீடு இல்லை. ஸ்பீல்பேர்க்கிடம் குளத்தைக் கோவிலாக்குகிற ஊர் இல்லை. ஆனால் ஈ.டி.யும் முதலில் வளர்ந்தது அதே கொலம்பியாவில். அவர்கள் கைவிட, யுனிவேர்சல் எடுத்துக்கொண்டது. இதை வாசிக்கிற எவருக்கும் ஒரு சின்னச் சந்தேகம் தட்டும். எங்களுக்கும் தட்டுகிறது. அதற்கு மேல் அதை நிரூபிக்க முடியாது.

ஒற்றுமை மட்டும் சாட்சியாகாது என்பதற்குத் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. பங்குபாபுவுக்கு அடுத்த வருஷம், 1963இல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. தங்கள் கிரகத்தில் கலை இல்லை என்று பூமிக்கு வந்து பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பறக்கும் தட்டெல்லாம் வரும். கல்கத்தாவைப் பார்த்துக் கோடம்பாக்கம் எடுத்தது என்று யாராவது சொல்வார்களா? ராக்கெட்டும் ஸ்புட்னிக்கும் எல்லாருடைய தலைக்குள்ளும் ஓடின காலம். ஆளாளுக்கு ஒரு விண்கலத்தை இறக்கினார்கள். ரேயும் வெறும் கையோடு வரவில்லை. அவருடைய பேராசிரியர் ஷோங்குவுக்குப் பின்னால் கொனன் டொயிலின் பேராசிரியர் சலஞ்சர் நிற்கிறார்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வெறும் எண்ணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. அதை எழுதிய, எடுத்த விதத்துக்குத்தான் உண்டு. ஒரு வயசாளியும் அவரைப் பார்த்துக்கொள்கிற ரொபோவும் என்ற எண்ணம் யாருடையதும் இல்லை: 2012இல் 'ரொபோட் அண்ட் ஃபிராங்க்' என்ற அமெரிக்கப் படத்தில் இருக்கிறது, 2019இல் மலையாள 'அண்ட்ரொயிட் குஞ்ஞப்பன்' படத்திலும் இருக்கிறது. ஆனால் குஞ்ஞப்பனின் பாத்திரங்களையும் காட்சிகளையுமே தமிழில் எடுக்கிறதென்றால் உரிமை வாங்க வேண்டும். 'கூகுள் குட்டப்பா'வுக்கு வாங்கினார்கள். (எங்கட தர்ஷனும் லொஸ்லியாவும் நடித்ததால் இங்கே கனபேர் போய்ப் பார்த்த படம். படம் சுமார்தான்.)

சிக்கல் வருவது, எண்ணம் எங்கே முடிகிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்ற கோட்டில். 1984இல் 'டெர்மினேட்டர்' வந்தபோது, தான் 1964இல் 'தி அவுட்டர் லிமிட்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு எழுதிய கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஹார்லன் எலிசன் கிளம்பினார். எதிர்காலத்திலிருந்து போர்வீரன் ஒருவன் இன்றைய தெருவில் வந்து விழுகிற கதை அது. ஜேம்ஸ் கமரூன் ஏற்கவில்லை. ஆனால் நிறுவனம் சமாதானமாகப் போய்ப் பணம் கொடுத்தது. படத்தின் இறுதி எழுத்துகளில் எலிசனின் பெயரும் ஏறியது. எலிசன் இருந்தது லொஸ் ஏஞ்சலிஸில். சண்டைக்காரர் என்று பேர் எடுத்தவர். கல்கத்தாவில் இருந்த ரேயால் அப்படிப் போயிருக்க முடியுமா?

சென்னையில் இருப்பவருக்கே லேசில்லை. ஆரூர் தமிழ்நாடனின் 'ஜூகிபா' 1996இல் 'இனிய உதயம்' இதழில் வந்தது. 2010இல் 'எந்திரன்' வந்தபோது, இது என் கதை என்று வழக்குப் போட்டார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய உரிமையியல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2025 பெப்ரவரியில், அதே விவகாரத்தில், அமலாக்கத்துறை இயக்குநர் ஷங்கரின் 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்தை முடக்கியது. அடுத்த மாதமே நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 15 வருஷம் நீதிமன்ற வாசலில் நிற்க எத்தனை எழுத்தாளரால் முடியும்?

ரேயின் கதைக்குத் திரும்பினால், எங்களை உறுத்துவது ஸ்பீல்பேர்க் இல்லை. அவர் பார்த்தாரோ இல்லையோ, ஒரு பிராணியும் ஒரு சிறுவனும் என்ற எண்ணம் எப்படியும் ஊர் சுற்றியிருக்கும். உறுத்துவது அந்த முதல் பக்கம். எழுதினவரின் பெயருக்கு முன்னால் எழுதாதவரின் பெயர். அதைச் செய்தது தூரத்து ஹொலிவூட் இல்லை. கூட இருந்த தயாரிப்பாளர். இங்கே குறும்படம் எடுக்கிற பெடியளுக்கும் பெட்டையளுக்கும் நடக்கிறதும் இதுதான். கதை ஒருவருடையதாக இருக்கும். கமெரா வைத்திருப்பவரின் பெயர் 'கதை, இயக்கம்' என்று வரும். அதைப் பற்றி எங்கட விமர்சனங்களில் நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. "எங்கயோ பார்த்த கதை" என்று மட்டும் பத்துத் தரம் எழுதியிருக்கிறோம்.

தம்பியின் வீட்டுக்குப் போய் இதெல்லாம் சொன்னோம். 'தி ஏலியன்' கதையைக் கேட்டதும் அவருக்கு முதலில் முகம் விழுந்துபோனது. "அப்ப நான் எழுதினதும் ஏற்கனவே இருக்கிற ஒண்டுதானா அக்கா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குளத்து நுனியைப் பார்த்துச் சனம் கோவில் என்று நம்புகிற இடத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார். நிலாவரையில் அப்படி நடக்காது என்கிறார். அந்தக் கிணறு இராமர் அம்பு விட்டு உண்டாக்கினது என்ற கதை ஏற்கனவே இருக்கிறது. ஆகவே சனம் விண்கலத்தைப் பார்த்தால், அம்பு திரும்பி வந்துவிட்டது என்றுதான் சொல்லும்.

இப்ப இரண்டாவது தரம் எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் பக்கத்தில் தன்ர பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே சின்னதாக ரேயின் பெயரையும் போட்டிருக்கிறார். கிணற்றை மட்டும் மாற்ற மாட்டாராம்.