விடால் முதல் மலேரியா அட்டை வரை: தொற்றுநோய் விரைவுப் பரிசோதனைகளின் வளர்ச்சி

முன்னுரை

தொற்றுநோய்ப் பரிசோதனைகளின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. நாள்கணக்கில் காத்திருந்த நிலை மாறி, கால் மணி நேரத்தில் முடிவு கைக்கு வருகிறது என்பது உண்மைதான். ஆயினும் ஒரு பரிசோதனை உடலில் எதைத் தேடுகிறது, அதன் முடிவை யார் சரிபார்க்கிறார்கள் என்னும் இரண்டுமே அதன் பயனைத் தீர்மானித்து வந்துள்ளன. மலேரியா விரைவுப் பரிசோதனை அட்டையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்ப்பொருளைத் தேடிய காலம்

டைபாய்டு நோயாளியின் ரத்தச் சீரத்தோடு டைபாய்டு கிருமிகளைக் கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இதை நோயறியும் முறையாக 1896-ல் பாரிசில் அறிவித்தவர் ஃபெர்னாண்ட் விடால். 1906-ல் பெர்லினில் ஆகஸ்ட் வாசர்மான் குழுவினர் சிபிலிசுக்கு ஒரு சீரப் பரிசோதனையை உருவாக்கினர்.

இவை தேடியது கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. கிருமியை நேரடியாகத் தேடவில்லை. எதிர்ப்பொருள் உருவாகச் சில நாட்களாகும். நோய் நீங்கிய பிறகும் அது ரத்தத்தில் தங்கும். முன்பு வந்த நோயாலோ போட்ட தடுப்பூசியாலோ இருக்கவும் கூடும். நம் ஊர்களில் காய்ச்சல்காரர்களுக்கு இன்றும் எழுதித் தரப்படும் விடால் பரிசோதனை, ஒரே ஒரு மாதிரியை வைத்து டைபாய்டை உறுதிசெய்ய முடியாமல் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வகத்திலிருந்து வெளியே

1971-ல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மானும், எதிர்ப்பொருள் போன்றவற்றை நொதியின் துணையால் அளக்கும் எலிசா முறையை வெளியிட்டனர். நுட்பமான முறை, ஆனால் கருவிகளும் பயிற்சி பெற்றவர்களும் உள்ள ஆய்வகத்தில்தான் செய்ய முடியும். 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை எலிசா செய்ய வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அங்குதான் முதலில் தெரியவந்தது.

இந்தத் தொலைவைக் குறைக்க இரண்டு கண்டுபிடிப்புகள் வழிவகுத்தன. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் முறையைக் கண்டனர். இதனால் எதிர்ப்பொருளையே தேடும் கருவியாகப் பயன்படுத்த முடிந்தது. 1988-ல் பிரிட்டனின் யூனிபாத் நிறுவனம் ஒரே படியில் முடியும் கிளியர்ப்ளூ கர்ப்பப் பரிசோதனையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீர்மம் தானாகவே பட்டையில் ஊர்ந்து சென்று கோடாக விடை காட்டும் அந்த அமைப்பு, விரைவில் தொற்றுநோய்களுக்கும் பயன்பட்டது.

மலேரியா அட்டை

1880-ல் அல்ஜீரியாவில் லாவரான் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டதிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நுண்ணோக்கியே இந்நோய்க்கு உரைகல். நல்ல நுண்ணோக்கியும் தேர்ந்த கண்ணும் இல்லாத ஊர்களில் காய்ச்சல் எல்லாமே மலேரியா என்று கருதி மருந்து கொடுத்தார்கள். 1990-களில் வந்த அட்டை இந்த இடத்தை நிரப்பியது.

விரல்நுனியில் குத்தி எடுத்த சுமார் 5 மைக்ரோலிட்டர் ரத்தத்தை அட்டையின் குழியில் இட்டு, உடன் வரும் கரைசலைச் சொட்டு எண்ணி விடுகிறார்கள். ரத்தத்தில் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி வெளியிட்ட எச்.ஆர்.பி.2 புரதம் இருந்தால், தங்க நுண்துகள் ஏற்றிய எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டு பட்டையில் நகரும். வழியில் நிலைப்படுத்திய இன்னொரு எதிர்ப்பொருள் அதைப் பிடித்து நிறுத்த, அங்கே சிவப்புக் கோடு விழும். பட்டை ஒழுங்காக வேலை செய்ததைச் சொல்ல அதற்கு அப்பால் கட்டுப்பாட்டுக் கோடு ஒன்று உண்டு. அது தோன்றாவிட்டால் முடிவு செல்லாது. 15 முதல் 20 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

2008-ல் உலக சுகாதார நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் தொடங்கிய தரச்சோதனையின் முதல் சுற்றில் 41 அட்டைகள் சோதிக்கப்பட்டன. ஒட்டுண்ணி மிகுந்த மாதிரிகளில் பெரும்பாலானவை தேறின. மைக்ரோலிட்டருக்கு 200 ஒட்டுண்ணி என்ற குறைந்த அளவில் அட்டைக்கு அட்டை தரம் பெரிதும் மாறியது. எதை வாங்குவது என்று அரசுகள் முடிவுசெய்ய இந்தச் சோதனை முடிவுகள் துணையாயின. 2010-ல் எந்த வயதினருக்கும் பரிசோதித்து உறுதிசெய்த பிறகே மருந்து என்று அந்நிறுவனம் பரிந்துரைத்தது. 2013-ல் இந்தியா ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்னும் இரு வகை ஒட்டுண்ணிகளையும் காட்டும் அட்டையைத் தன் திட்டத்தில் சேர்த்தது.

அட்டைக்கும் எல்லை உண்டு. நோய் குணமான பின்னும் எச்.ஆர்.பி.2 சில வாரங்கள் ரத்தத்தில் தங்குவதால் மருந்து பலித்ததா என்று அது சொல்லாது. அதைவிடப் பெரிய சிக்கலை 2010-ல் வெளியான பெரு நாட்டு ஆய்வு காட்டியது: அமேசான் பகுதியில் இப்புரதத்துக்கான மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் இருந்தன. அட்டைக்கு அவை புலப்படா. பின்னர் எரித்ரியாவிலும் இவை பரவியிருப்பது தெரியவந்தது. இந்த மரபணு இழப்பால் அட்டை தவறவிடும் அளவு 5 சதவீதத்தைத் தாண்டினால் வேறு வகை அட்டைக்கு மாற வேண்டும் என்பது இன்றைய விதி.

சரிபார்க்காத வேகத்தின் விலை

மலேரியா அட்டை தரச்சோதனைக்கும் கண்காணிப்புக்கும் உட்பட்டது; காசநோயில் நடந்தது இதற்கு நேர்மாறு. எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனைகள் இந்தியத் தனியார் சந்தையில் தாராளமாக விற்றன. இல்லாத நோய்க்குச் சிலர் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினர். இருந்த நோய் சிலருக்குத் தெரியாமலே போனது. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2012-ல் இந்தியா தடை விதித்தது.

கொரோனா காலத்தில் இதே பாடத்தை மீண்டும் படித்தோம். 2020 ஏப்ரலில் வாங்கிய, நம்பகமான முடிவு தராத எதிர்ப்பொருள் விரைவுக் கருவிகளைத் திருப்பித் தருமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களுக்குச் சொல்ல நேர்ந்தது. ஜூனில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனைக்கு அது அனுமதி அளித்தது. அறிகுறி இருந்தும் 'இல்லை' என வந்தால் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை செய்தே தீர வேண்டும் என்றும் வகுத்தது.

முடிவுரை

கிருமியை நேரடியாகத் தேடுதல், விற்பனைக்கு முன் சுதந்திரமான சோதனை, களத்துக்கு வந்த பின்னும் தொடர் கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் விரைவுப் பரிசோதனை உயிர் காத்தது. இவை விடுபட்ட இடத்தில் கேடு செய்தது. எனவே புதிய கருவிகளை வாங்கும் அரசுகள் விலையையும் நிமிடத்தையும் கேட்பதற்கு முன் சரிபார்ப்பு அறிக்கையைக் கேட்க வேண்டும். காய்ச்சல் தொடரும்போது கோடு விழவில்லை என்பதை மட்டும் நம்பி எவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.